மிகுவேகமும் மெய்க்கணக்கும்

விரைவை விரும்பாதார் இவ்வுலகின்கண் அரியர். கால்நடையாய்ச் சென்றோர் வண்டியை விரும்பினர். வண்டியேறினோர் ரெயிலை விரும்பினர். ரெயிலேறினோர் ஆகாய விமானத்தை நாடினர். அவ்விருப்பம் கணிப்பொறியையும் விட்டபாடில்லை. ஒரு நொடியில் பலநூறு கோடி முறை துடிக்கும் பொறி மேசைமீது இருக்கவும், இன்னுஞ் சிறிது விரைந்தாலென் என்று ஏங்குவோர் பலர். அவ்வேக்கத்தினின்று பிறந்ததே ஓவர்கிளாக்கிங் என்று வழங்கும் செயலாம். அஃதாவது, பிராசஸரைச் செய்தோர் அதற்கென வகுத்த துடிப்பின் அளவைக் கடந்து, அதனை உடையவரே மிகுத்து ஓட்டுதல். அங்ஙனம் மிகுத்தோட்டிய பொறியொன்று தடுமாறியவிடத்து, அதன் காரணத்தை நாடி யாமும் எம் தோழர் இருவரும் பன்னிரண்டு நாள் உழைத்த வரலாற்றையும், அதனாற் கண்ட உண்மையொன்றையும் ஈண்டு உரைக்கப் புகுகின்றோம்.

முதற்கண், மிகுத்தோட்டினாற் பொறி தடுமாறுவது ஏன் என்பதை அறிதல் வேண்டும். பிராசஸரினுள் கோடிக்கணக்கான நுண்ணிய ஸ்விட்சுகள் உள. ஒவ்வொரு துடிப்பிலும், ஒரு நிலையத்தினின்று புறப்படும் மின்குறி பல ஸ்விட்சுகளைக் கடந்து, அடுத்த துடிப்பு எழுமுன் அடுத்த நிலையத்தை அடைந்து நிற்றல் வேண்டும். நொடிக்கு 500 கோடி முறை, அதாவது 5 கிகாஹெர்ட்ஸ் அளவில் துடிக்கும் பிராசஸரில் ஒரு துடிப்பிற்கு உள்ள காலம், ஒரு நொடியை ஐந்நூறு கோடி கூறிட்டதில் ஒரு கூறு. அக்காலத்தில் ஒளியும் 6 செண்டிமீட்டர் அளவே செல்லவல்லது. துடிப்பை மிகுத்தால் இக்காலம் குறுகும். நெடுவழி செல்ல வேண்டிய குறியொன்று நேரத்தில் வந்து சேராவிடின், வந்து சேர்ந்ததாகவே கொண்டு பொறி மேற்செல்லும். ஆங்குப் பிடிபடுவது பழைய மதிப்போ பிழையான மதிப்போ, எதுவாயினும் அதுவே விடையாகிவிடும்.

மின்னழுத்தத்தை ஏற்றினால் ஸ்விட்சுகள் விரைந்து இயங்கும் என்பது மெய்யே. ஆயின் அதற்குரிய விலை சூடு. சூடு துடிப்பின் அளவிற்கேற்ப ஏறுவதோடு, மின்னழுத்தத்தின் இருமடிக்கேற்பவும் ஏறும். துடிப்பைப் பத்தில் ஒரு பங்கும், அழுத்தத்தைப் பத்தில் ஒரு பங்கும் கூட்டினால், சூடு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிகும். மிக்க சூட்டில் ஸ்விட்சுகள் மீண்டும் தாமதிக்கும். இவ்வளவும் அறிந்தே பிராசஸரைச் செய்வோர், வெயிற்காலத்திற்கும், மின்னழுத்தத் தளர்ச்சிக்கும், பொறியின் முதுமைக்கும் இடங்கொடுத்துச் சிறிது இருப்பு வைத்தே வேகத்தை வகுக்கின்றனர். மிகுத்தோட்டுவோர் எடுத்துச் செலவிடுவது அவ்விருப்பையேயாம்.

இதனை வீணர் செயல் என்று இகழ்தலும் முறையன்று. 1998-ஆம் ஆண்டில் வெளிவந்த இன்டெல் செலெரான் 300ஏ என்னும் பிராசஸர், 66 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைத் துடிப்பை நாலரை மடங்காக்கி 300 மெகாஹெர்ட்ஸில் ஓடுமாறு அமைந்தது. அடிப்படையை 100 ஆக்கியவுடன் அதுவே 450 மெகாஹெர்ட்ஸில் ஓடிற்று. பலரிடம் குறையின்றி ஓடிற்று. சிறுபொருள் கொடுத்துப் பெரும்பொருள் பெற்றாற் போன்ற அம்மகிழ்ச்சியே பின் வந்தோர் பலரையும் இத்துறையில் ஈர்த்ததெனலாம்.

ஆயினும் மறுபுறமும் உண்டு. மைக்ரோசாப்ட் நிறுவனத்து நிரலாளர் ரேமண்ட் சென் என்பார் 2005-ஆம் ஆண்டில் ஒரு செய்தி எழுதினார். விண்டோஸ் நிலைகுலைந்தபொழுது வந்த குறிப்புக்களுள் சில, ஒருபோதும் பிழைபட இயலாத கட்டளையொன்றிற் பிழை நேர்ந்ததாகக் காட்டின. அக்கட்டளை பிராசஸரினுள் இருக்கும் ஓரிடத்தைப் பூச்சியமாக்குவது, நினைவகத்தையும் தொடாதது. அப்பொறிகளை உடையாரை வினாவியபொழுது, மிகுத்தோட்டினோம் என்று சிலர் ஒப்பினர். வேறு சிலரோ அச்சொல்லையே அறியாதார். கடைக்காரர் மிகுத்து வைத்த பொறியை அறியாமலே வாங்கியிருந்தனர். அந்நிறுவனத்து ஆராய்ச்சியாளர் ஏறக்குறையப் பத்து லட்சம் கணிப்பொறிகளின் குறிப்புக்களை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட கட்டுரையும், மிகுத்தோட்டிய பொறிகள் பன்மடங்கு மிகுதியாய்த் தடுமாறுவதைக் காட்டிற்று.

இனி, எம்மிடம் வந்த பொறியைப்பற்றிக் கூறுவோம். எமக்கு மூத்தாரும், யாம் அண்ணன் என்றே அழைப்பவருமான ஒருவர், ஆற்று வெள்ளத்தின் போக்கைக் கணிப்பொறியிற் கணக்கிட்டு ஆராய்ச்சிப் பட்டத்திற்கு நூல் எழுதி வந்தார். அவரது பிராசஸரில் தனித்தனியே கணக்கிடவல்ல உட்பிரிவுகள் எட்டு உள. அவற்றைக் கோர் என்பர். செய்தோர் வகுத்தபடி எட்டுக் கோர்களும் சேர்ந்து 4.6 கிகாஹெர்ட்ஸில் ஓடும். மார்கழித் திங்களில் அண்ணன் அதனை 5.0 ஆக்கினார், அழுத்தத்தை 1.20 வோல்டினின்று 1.30 ஆக ஏற்றினார். குளிர்ந்த இரவொன்றில் அரைமணி நேரம் சோதித்தார். பொறி தேறிற்று. பத்து மணி நேரத்துக் கணக்கு ஒவ்வொன்றிலும் 48 நிமிஷம் மிஞ்சிற்று. பங்குனிக் கடைசியில் நீலத்திரை தோன்றலாயிற்று. வாரம் இருமுறை பொறி தானே நின்று எழும். சில நாள் நிரல் மட்டும் காரணமின்றி மடியும். நூலை ஒப்புவிக்க ஆறு வாரமே இருந்தது.

யாம் சென்றபொழுது அவர் கூறிய சொற்கள் எம் நெஞ்சில் நின்றன. "தம்பிமாரே, பொறி நிற்பதைப்பற்றி எனக்குக் கவலையில்லை, நின்றால் மறுபடி ஓட்டிக்கொள்வேன். நிற்காத நாளில் அது சொன்ன விடை மெய்தானா? அதைக் கண்டு சொல்லுங்கள்."

யாம் முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினோம். ஒருகால் ஒன்றை மட்டுமே மாற்றுவது. மாற்றியதையும், நேரத்தையும், அறையின் வெம்மையையும், கண்ட பயனையும் எழுதாமல் அடுத்ததைத் தொடுவதில்லை என்று உறுதி செய்துகொண்டோம். துடிப்பு, அழுத்தம், நினைவகம் மூன்றையும் ஒருங்கே மாற்றிவிட்டு, பிழை நீங்கிற்றெனின் எதனால் நீங்கிற்றென்று யார் சொல்ல வல்லார்? பல மருந்தை ஒன்றாய்க் கலந்து கொடுத்த வைத்தியர் நிலையே நமக்கும் எய்தும்.

முதலிரண்டு நாளும், பயாஸில் எல்லாவற்றையும் செய்தோர் வகுத்தபடி மீள வைத்து ஓட்டினோம். பலர் இப்படியைத் தாண்டிச் செல்வர். ஆனால் இதுவே அடிப்படை. வகுத்த வேகத்திலும் பொறி தடுமாறுமாயின், குற்றம் வட்டிலோ, மின்வழங்கியிலோ, நிரலிலோ இருத்தல் கூடும். மிகுத்தோட்டலின்மேற் பழிபோட்டுப் பயனில்லை. பொறி இருநாளும் தடுமாறாது ஓடிற்று.

மூன்றாம் நாள் இரவு நினைவகத்தைச் சோதித்தோம். நினைவகத் துண்டுகளை வாங்குவோர், எக்ஸ்.எம்.பி. என்னும் அமைப்பை இயக்கி, அட்டையில் அச்சிட்ட வேகத்தை அடைகின்றனர். அவ்வேகமும் பெரும்பாலும் ஒருவகை மிகுத்தோட்டலே என்பதைப் பலர் எண்ணுவதில்லை. பிராசஸரை வகுத்த வேகத்தில் வைத்து, எக்ஸ்.எம்.பி.யை மட்டும் இயக்கி, மெம்டெஸ்ட்86+ என்னும் சோதனையை விடியுமளவும் ஓட்டினோம். இஃது விண்டோஸின் துணையின்றித் தானே இயங்கி, நினைவகத்தில் எழுதியும் படித்தும் ஒப்பிடுவது. ஒரு பிழையும் இலது. நினைவகம் குற்றமற்றதென்று விடுதலை பெற்றது.

அன்றே விண்டோஸின் நிகழ்ச்சிக் குறிப்பேட்டையும் புரட்டினோம். நீலத்திரை தோன்றிய நாட்களுக்கு முன்னரே, டபிள்யூ.எச்.இ.ஏ. என்னும் பெயரில், பிராசஸரினுள் பிழை நேர்ந்து திருத்தப்பட்டது என்ற பொருளுடைய குறிப்புக்கள் பதினொன்று கிடந்தன. திரையில் ஏதும் தோன்றாமையின் அண்ணன் அவற்றைக் கண்டதில்லை. காய்ச்சலுக்கு முன் வரும் இருமல் போன்றவை இவை. பொறியை மிகுத்தோட்டுவோர் நாடோறும் பார்க்கவேண்டிய ஏடு இஃதென்று நோட்டுப் புத்தகத்தில் அடிக்கோடிட்டு எழுதினோம்.

பின்பு பிராசஸரை 4.7, 4.8, 4.9, 5.0 என்று படிப்படியாக ஏற்றினோம். சோதனைக்குப் பிரைம்95 என்னும் நிரலைக் கொண்டோம். அதன் வரலாறு சுவையுடையது. மெர்சென் பகா எண்களைத் தேடுதற்கு ஜார்ஜ் வோல்ட்மன் என்பார் 1996-இல் தொடங்கிய கிம்ப்ஸ் என்னும் கூட்டுமுயற்சிக்கென எழுதப்பெற்றது அது. 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் அம்முயற்சி அறிவித்த பகா எண் 4,10,24,320 இலக்கங்களை உடையது. அத்துணைப் பெருங்கணக்கில் ஓரிடத்துப் பிழையும் முழு உழைப்பையும் வீணாக்குமாதலின், பொறியைப் பரிசோதிக்கும் பகுதியொன்றும் அந்நிரலில் அமைந்தது. விடை முன்னரே அறியப்பட்ட கணக்குகளை அது பொறிக்குக் கொடுத்து, வந்த விடையை ஒப்பிடும். முழு எண் வரவேண்டிய இடத்திற்கு அருகில் வாராது அரையளவு விலகி நின்றால், வன்பொருளிற் பிழை என்று அறிவித்து நின்றுவிடும்.

4.7-லும் 4.8-லும் பன்னிரண்டு மணி நேரம் பிழையின்றி ஓடிற்று. 4.9-ல் மூன்றாம் மணியில் ஒரு கோர் நின்றது. 5.0-ல் இருபதாம் நிமிஷத்திலேயே நின்றது. இரண்டிடத்தும் நின்றது ஐந்தாம் எண்ணுள்ள கோரே. எட்டும் ஒரே தகட்டில் ஒருங்கே பிறந்தனவாயினும் எட்டின் வலியும் ஒன்றன்று. கூட்டமாகச் செல்வோர் வேகம் தளர்ந்த நடையினன் வேகமே என்பது இங்கும் பொருந்தும்.

மார்கழியில் தேறியது சித்திரையில் தவறியது ஏன்? எம் நோட்டுப் புத்தகமே விடை கூறிற்று. அண்ணன் சோதித்த இரவில் அறை 24 பாகை இருந்ததென்று அவர் குறித்து வைத்திருந்தார். யாம் சோதித்த பிற்பகலில் 36. காற்றினாற் குளிரும் பொறியில், அறை ஏறிய அளவே பிராசஸரும் ஏறும். மேலும், பயாஸில் 1.30 என்று வைத்த அழுத்தம், எட்டுக் கோர்களும் உழைக்கத் தொடங்கியவுடன் 1.23 ஆகத் தளர்ந்தது. பாரம் ஏறினால் அழுத்தம் தாழ்வது இயல்பு. தாய்ப்பலகையில் அத்தளர்ச்சியைக் குறைக்கும் அமைப்பு உண்டு; ஆயின் அதனை மிகக் கடுமையாக்கினால், பாரம் இறங்கும் கணத்தில் அழுத்தம் மேல்நோக்கித் துள்ளும். அழுத்தத்தை 1.35 ஆக்கியும் பார்த்தோம். ஐந்தாம் கோர் நிற்கவில்லை; ஆனால் வெம்மை 100 பாகையைத் தொட, பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. எவ்வேகத்தின்பொருட்டு இவ்வளவும் செய்தோமோ அவ்வேகமே கைவிட்டுப் போயிற்று.

இவ்வளவும் பொறி ஏன் நின்றது என்பதற்கு விடை. அண்ணன் கேட்டதோ வேறு. நிற்காத நாளில் அது சொன்னது மெய்யா?

இதற்கென ஒரு சோதனையை வகுத்தோம். அவரது நிரல் வேலையை எப்பொழுதும் ஒரே முறையிற் பங்கிட்டு, கூட்டலை ஒரே வரிசையிற் செய்வது. ஆதலின் ஒரே உள்ளீட்டிற்குக் கடைசி இலக்கமளவும் ஒரே விடை வரவேண்டும். (எல்லா நிரலும் இத்தகையன அல்ல, கூட்டும் வரிசை மாறினாற் கடைசி இலக்கம் குற்றமின்றியே மாறுதல் உண்டு.) கணக்கின் சிறு பகுதியொன்றை எடுத்து, அதன் எட்டுப் பிரதிகளைக் கோருக்கு ஒன்றாகக் கட்டிவைத்து, 5.0 வேகத்தில், அண்ணன் வைத்திருந்த 1.30 வோல்டிலேயே ஓட்டினோம். ஒவ்வோர் ஓட்டத்திற்கும் நான்கு மணி. முதல் ஓட்டத்தில் எட்டும் ஒத்தன. இரண்டாவதிலும் ஒத்தன. மூன்றாவதில் ஏழு பிரதிகள் ஓரிடத்து நீர்மட்டம் 3.417 மீட்டர் என்றன; ஐந்தாம் கோரிலிருந்த பிரதி மட்டும் 3.482 என்றது.

அக்கணத்தில் யாம் மூவரும் பேசிலேம். நீலத்திரை இலது. குறிப்பேட்டில் ஒரு வரியும் இலது. நிரலும் மடியவில்லை. 300 மீட்டர் என்று சொல்லியிருப்பின் சிறுவனும் நகைத்திருப்பான், 3.482 என்பதை யாவரே ஐயுறுவர்? நின்றுபோகும் பொறி, தான் நோயுற்றதை நமக்கு உரைக்கின்றது. நிற்காமல் பொய்யுரைக்கும் பொறியோ, நம்மையும் அப்பொய்க்குச் சாட்சியாக்குகின்றது.

செய்தியைக் கேட்ட அண்ணன் சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பின்பு, "எத்தனை ஓட்டத்தைத் திரும்பச் செய்யவேண்டும்?" என்றார். மிகுத்தோட்டிய நாள்முதற் செய்த 46 ஓட்டங்களையும் என்றோம். எது பழுது, எது பழுதன்று என்று பார்த்தறிய வழியில்லை. எனவே எல்லாமே ஐயத்திற்குரியன. 4.8 கிகாஹெர்ட்ஸ் பன்னிரண்டு மணி தேறிற்றே, அவ்வேகத்திலாவது ஓட்டலாமா என்று வினவினார். விளையாட்டிற்கும் படக்காட்சிக்கும் ஆயின் ஓட்டலாம். அங்குப் பிழை நேர்ந்தால் ஒரு புள்ளி நிறம் மாறும், அல்லது ஆட்டம் நின்றுபோகும். நூலில் ஏறும் எண்ணிற்கு வேண்டா என்றோம். பன்னிரண்டு மணி நேரம் பிழையின்றி ஓடிற்று என்பதற்கு, அப்பன்னிரண்டு மணியில் அச்சோதனை பிழையைக் கண்டிலது என்பதே பொருள். ஒரே ஒரு பிழை பொறியைப் பழுதென்று நாட்டப் போதும். எத்தனை மணி நேரச் சோதனையும் அதனைப் பழுதற்றதென்று முற்றும் நாட்டாது.

வகுத்த 4.6 வேகத்தில் இருபது நாள் இரவுபகலாய்ப் பொறி ஓடிற்று. 46 ஓட்டங்களுள் 44 முன்னைய விடையோடு கடைசி இலக்கமளவும் ஒத்தன. இரண்டு ஒத்தில. அவ்விரண்டுள் ஒன்று நூலின் தலையாய அட்டவணையில் முன்னரே இடம்பெற்றிருந்தது. அண்ணன் அவ்வட்டவணையைக் கிழித்துப் புதிதாய் எழுதி, குறித்த நாளில் நூலை ஒப்புவித்தார். நாற்பத்தாறு ஓட்டங்களிலும் மிகுவேகத்தால் அவர் மிஞ்சச்செய்தது ஏறக்குறைய 37 மணி. திரும்ப ஓட்டியதற்குச் சென்றது 460 மணி. ஒன்பது விழுக்காடு வேகத்திற்காக அப்பொறி உமிழ்ந்த மிகைச்சூடு, கணக்கின்படி ஏறக்குறைய இருபத்தெட்டு விழுக்காடு.

இதனால் வகுத்த வேகத்தில் ஓடும் பொறி பொய்யே சொல்லாது என்று கொள்ளற்க. 1994-ஆம் ஆண்டில், தாமஸ் நைஸ்லி என்னும் கணிதப் பேராசிரியர், அடுத்தடுத்து இரட்டையராய் வரும் பகா எண்களைப்பற்றிக் கணக்கிட்டு வருகையில், விடைகள் ஒவ்வாமை கண்டு ஆராய்ந்து, பென்டியம் பிராசஸரின் வகுத்தற் பகுதியிலேயே வடிவமைப்புப் பிழை உண்டென்பதை வெளிப்படுத்தினார். அவர் அதனைக் கண்டது, ஒரே கணக்கை வேறு வழியிலும் வேறு பொறியிலும் செய்து ஒப்பிட்டமையால். கிம்ப்ஸ் முயற்சியாளரும், புதிய பகா எண் என்று ஒரு பொறி கூறினால், வேறு பொறிகளிலும் வேறு நிரல்களிலும் சரிபார்த்த பின்னரே உலகிற்கு அறிவிக்கின்றனர். பொறியை நன்கறிந்தோரே பொறியை ஒருமுறைக்கு இருமுறை வினாவுகின்றனர் என்பது சிந்திக்கத்தக்கது.

மிகுத்தோட்டுதலை வேண்டாவென்று யாம் கூறவில்லை. எங்கள் மூவருள் ஒருவர் தம் பொறியை இன்றும் மிகுத்தே ஓட்டுகின்றார். அதில் விளையாடுவதன்றி வேறொன்றும் செய்வதில்லை. வேகத்தை ஏற்றுமுன், அப்பொறி சொல்லப்போகும் விடையை நம்பி யார் என்ன செய்யவிருக்கின்றனர் என்று ஒருமுறை எண்ணுதல் வேண்டும் என்பதே எம் வேண்டுகோள். வெள்ளத்தின் கணக்கை நம்பிக் கரையை எழுப்புவோரும் உளர்; அக்கரையடியிற் குடியிருப்போரும் உளர்.

ஆதலின், மிகுவேகப் பொறியை மேசைமீது வைத்திருக்கும் அன்பர்கள், அது நில்லாமல் ஓடுகின்றதே என்று மகிழ்ந்திராமல், விடை அறிந்த கணக்கொன்றை அதனிடம் இன்றிரவே இருமுறை கொடுத்து, இரண்டு விடையும் ஒக்கின்றனவா என்று காண்பாராக.